34 இன்ச் என்பது எந்தப் பக்கத்தின் நீளம்?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஒரே பேச்சு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவர், இருக்கிற 27 இன்ச் மானிட்டரை விற்றுவிட்டு 34 இன்ச் அல்ட்ராவைடு வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதுவும் இஎம்ஐயில். பதினெட்டு பேர் கட்டைவிரல் உயர்த்திவிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். ஒருவர்கூட ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

34 என்பது அகலமும் இல்லை, உயரமும் இல்லை. மூலைவிட்டம். "மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் செவ்வகத்தின் பரப்பளவு சொல்ல முடியுமா?" என்று வகுப்பில் கேட்டால், "முடியாது, பக்கங்களின் விகிதமும் வேண்டும்" என்று கத்துவீர்கள். அதே வகுப்பு இன்று, கடைக்காரர் மூலைவிட்டத்தைச் சொன்னதுமே கார்டை எடுத்து நீட்டுகிறது.

சரி, நானே போடுகிறேன். சாதாரண மானிட்டரின் விகிதம் 16:9. பிதாகரஸ் தேற்றப்படி 27 இன்ச் திரையின் அகலம் 23.5 இன்ச், உயரம் 13.2 இன்ச். அல்ட்ராவைடை 21:9 என்று சொல்லி விற்கிறார்கள். 3440க்கு 1440 பிக்சல் உள்ள திரைக்கு உண்மையான விகிதம் 43:18. அதன்படி 34 இன்ச் திரையின் அகலம் 31.4, உயரம் 13.1. ஏழு இன்ச் "பெரிய" திரை என்று வாங்குகிறீர்கள். உயரத்தில் ஆசாரி கணக்குப்படி ஒரு நூல் குறைகிறது! கூடியதெல்லாம் பக்கவாட்டில் எட்டு இன்ச். 29 இன்ச் அல்ட்ராவைடு இன்னும் மோசம். அதன் உயரம் 11.3 இன்ச், அதாவது பழைய 23 இன்ச் மானிட்டரின் உயரம்.

இப்போது 32 இன்ச் சாதாரணத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 27.9, உயரம் 15.7. பரப்பளவு சுமார் 437 சதுர இன்ச். அந்த 34 இன்ச்சுக்கோ சுமார் 412தான். பிக்சலை எண்ணினால் 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். அல்ட்ராவைடில் 50 லட்சம்கூட இல்லை. சின்ன எண் போட்ட திரையில் இடம் அதிகம். இதை விளம்பரத்தில் ஏன் சொல்வதில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"அகலமாக இருந்தால் நல்லதுதானே சார்" என்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோர் செய்யும் வேலை என்ன? படிப்பது, எழுதுவது, கோடு அடிப்பது, மெயில் பார்ப்பது. எல்லாம் மேலிருந்து கீழே போகும் வேலை. ஓர் ஏ4 தாளின் உயரம் 11.7 இன்ச். 13.1 இன்ச் திரையில் மேலே மெனுவும் கீழே டாஸ்க்பாரும் போக, ஒரு முழுப் பக்கம் அசல் அளவில் அடங்காது. 32 இன்ச்சில் அடங்கும். நாளிதழ்கள் அவ்வளவு பெரிய தாளை ஏன் பத்தி பத்தியாகப் பிரித்து அச்சிடுகின்றன? வரி நீண்டால், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிக் கண் தடுமாறும் என்பதால்தான். லேப்டாப் கம்பெனிகளே 16:9ஐ விட்டு 16:10, 3:2 என்று உயரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எதிர்த்திசையில் ஓடுகிறீர்கள்.

என் அக்கா மகன் ஒரு வாதம் வைத்தான்: "ஓலைச்சுவடியும் அல்ட்ராவைடுதானே மாமா?" ரசித்தேன். ஆனால் அந்த அகலத்தைத் தீர்மானித்தது பனைமரம். தாள் வந்ததும் நாமும் நெட்டுப் பக்கத்துக்கு மாறிவிட்டோம்.

கழுத்தையும் பாருங்கள். கண்ணிலிருந்து திரைக்கு 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பாதி அகலம் சுமார் 40 செ.மீ. டேன் மதிப்பு 40/60. கோணம் ஏறத்தாழ 34 டிகிரி, இரு பக்கமும். வளைந்த திரை வாங்கினால் ஓரம் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். கழுத்து திரும்பும் கோணம் குறையாது. மீட்டிங்கில் முழுத் திரையையும் பகிர்ந்தால், எதிரில் லேப்டாப்பில் பார்ப்பவருக்கு அது ஒரு பட்டை ரிப்பன் மாதிரி தெரியும். எழுத்து எறும்பு சைஸ்.

சினிமா? சினிமாஸ்கோப் படத்துக்கு அற்புதமாகப் பொருந்தும், மறுக்கவில்லை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973இல். அதற்கு முந்தைய 4:3 படங்களைப் போட்டால் திரையில் கிட்டத்தட்ட பாதி கருப்பு. சாதாரண யூடியூப் வீடியோவுக்கே கால்வாசி வீண்.

வீடியோ எடிட்டிங், ஒலிப்பதிவு வேலை செய்பவர்களும், நாற்பது பத்தி எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும் தாராளமாக வாங்குங்கள். உங்களுக்கு அது தொழில் கருவி. கார் ரேஸ் விளையாடுபவர்களிடமும் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை, "இது இருந்தால்தான் வேலை ஓடும்" என்று பிள்ளைகளை நம்பவைப்பவர்களிடம். போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள்: கல்லூரி முதலாம் ஆண்டில் இருக்கும் அவள் பெண்ணுக்குக் கோடிங் படிக்க அல்ட்ராவைடுதான் வேண்டுமாம். அம்மா, வேண்டவே வேண்டாம். 24 இன்ச் மானிட்டர், நெட்டுவாக்கில் திருப்பக்கூடிய ஸ்டாண்டோடு ஒன்று வாங்கிக் கொடு. மிச்சப் பணத்தில் முதுகைத் தாங்கும் நாற்காலி வாங்கு. பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துதான் அந்தப் பெண் நான்கு வருடம் படிக்கப் போகிறதா?

மானிட்டர் கேட்ட தம்பிக்கு: ஒரு அட்டைப்பெட்டியை 31.4க்கு 13.1 என்று வெட்டு. இன்னொன்றை 27.9க்கு 15.7. இரண்டையும் உன் மேசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்.

கட்டைவிரல் உயர்த்திய பதினெட்டு பேருக்கும் வீட்டுப்பாடம்: 49 இன்ச், 32:9 என்று ஒரு மானிட்டர் விற்கிறார்கள். அதன் உயரம் என்ன? அது வேறு எந்த மானிட்டரின் உயரத்துக்குச் சமம்? படிகளோடு கமெண்டில் எழுதுங்கள். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.