கீழாநெல்லி இருக்கட்டும், கிளினிக்குக்கும் போங்கள்

கீழாநெல்லியைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. பூந்தொட்டியிலும் பள்ளித் திடலோரத்திலும் யாரும் விதைக்காமலே முளைத்துக் கிடக்கிறது. இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் நாம் கீழாநெல்லி என்றோம். அதே காய்களைப் பார்த்த மலாய்க்காரர்களுக்குப் பிள்ளையைச் சுமக்கும் தாய் தெரிந்தாள். 'டுக்கோங் அனாக்' என்று பெயர் வைத்தார்கள்.

மஞ்சள்காமாலை என்றால் தோட்டப்புறத்தில் முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கும் மாணவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கே இந்தச் செடியை ஆராய்ந்தவர். சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரோடு அவர் 1988இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி.

நம்மில் பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை.

அப்படியானால், குடித்துக் குணமானேன் என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. மஞ்சள்காமாலை தனி நோயல்ல, ஓர் அறிகுறி. இரத்தத்தில் பிலிருபின் கூடினால் கண் மஞ்சளாகும். ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. ஹெப்படைட்டிஸ் ஏ என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். நல்ல பெயர் செடிக்குப் போகும். பித்தக் கல் குழாயை அடைத்திருந்தாலோ எலிக்காய்ச்சல் கல்லீரலைத் தாக்கியிருந்தாலோ எத்தனை குவளை மோரும் உதவாது. பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் அளவு மீறினால் மூளையே பாதிக்கப்படும். என் கோபம் செடி மீதல்ல, "இன்னும் மூன்று நாள் கொடுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சின் மீதுதான். (சாலையோரத்தில் பறிப்பவர்கள் அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்களே என்றும் யோசிப்பதில்லை.)

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த அப்பா, அம்மா, பெரியம்மா, மாமா பலருக்கு அது கிடைத்திருக்காது. இந்தக் கிருமி கண்ணை மஞ்சளாக்காமலே பல ஆண்டுகள் கல்லீரலில் தங்கி அதைக் கெடுக்கும். இருக்கிறதா என்று காட்ட ஓர் இரத்தப் பரிசோதனை போதும். அடுத்த பள்ளி விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.