அந்த அரை நொடி

கூட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் யாருக்காவது திரை ஞாபகம் வரும். "ஆன்லைன்ல இருக்கறவங்க ஏதாவது சொல்றீங்களா?" பதில் வராது. எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

திரையில் இருப்பவர்கள் கூட்டம் முழுவதும் பேசாமல் இருக்கக் கூச்சம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர்ப்பேச்சில் ஒருவர் நிறுத்தி அடுத்தவர் தொடங்க, சராசரியாக 200 மில்லி நொடி ஆகிறது. பத்து மொழிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு சொல்வது இது. இணைய வழியில் குரல் ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அந்த நல்ல நிலையையே எடுத்துக்கொள்வோம். அறையில் பேச்சு நின்ற செய்தி வீட்டிலிருப்பவரை எட்ட 150. அவர் வாய் திறக்க 200. அவர் குரல் அறைக்கு வந்து சேர இன்னொரு 150. மொத்தம் 500, அதாவது அரை நொடி. பக்கத்து நாற்காலிக்காரர் 200லேயே தொடங்கிவிட்டாரே! எப்பேர்ப்பட்ட வாயாடியும் இந்தப் பந்தயத்தில் தோற்பார்.

ஆகவே "தைரியமா குறுக்கே பேசுங்க" என்ற அறிவுரையால் பயனில்லை. முறை வைத்துத்தான் பேச வேண்டும். முறையைக் காக்க வேண்டியவர் கூட்டத்தை நடத்துபவர். நம் கம்பெனிச் சட்டம் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, இயக்குநர்கள் வீடியோ வழியே கலந்துகொள்ள இடம் தருகிறது. 2014இல் வந்த விதிகளின்படி தலைவர் முதலில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பேசுபவர் தன் பெயரைச் சொல்லிவிட்டே பேச வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: ஒருவர் பேச்சு நடுவில் அறுந்தாலோ குழறினாலோ, "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டிய கடமை தலைவருக்கோ கம்பெனிச் செயலருக்கோ உரியது. தொலைவில் இருப்பவர் "கேக்குதா, கேக்குதா" என்று கெஞ்ச வேண்டியதில்லை.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் கூட்டங்களில், அரங்கில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒரே மின்வரிசையில் சேர்ந்துதான் பேசுகிறார்கள். நம் அலுவலகங்களுக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அறையில் உள்ளவர்களும் கை தூக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். மேசையோரக் கிசுகிசுப்பை மட்டும் எந்தப் பொத்தானாலும் சரிசெய்ய முடியாது.

அடுத்த கூட்டத்தில் முதல் வாய்ப்பைத் திரையில் இருப்பவருக்குக் கொடுங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்; கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மியூட்டை எடுக்கவே ஒரு நொடி ஆகும்.