ரெஜிஸ்டரில் பெயர் இருக்கு... வகுப்பில் பிள்ளை இருக்கா? நெல்லையில் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி, ஒரு விளக்கம்

ஜூன் மாதம் வந்தால் நெல்லை மாவட்டத்தில் பல வீடுகளில் ஒரே கேள்விதான். காது கேட்காத, நடக்க முடியாத, மூளை வளர்ச்சி தாமதமான பிள்ளையை எங்கே சேர்ப்பது? தெருமுனையில் இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலா, பாளையங்கோட்டை சிறப்புப் பள்ளி ஹாஸ்டலிலா?

கேள்வி புதுசு இல்லை. 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனித்தனிப் பள்ளிகள் வந்துவிட்டன. ஆஸ்க்வித், ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் ஆகிய இரண்டு மிஷனரிப் பெண்மணிகள் தொடங்கியவை அவை. ஊரில் யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுக்காத பிள்ளைகளுக்கு பிரெய்லும் சைகையும் கிடைத்தது அங்கேதான். ஆனால் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு இதில் ஒரு விலையும் உண்டு. ஜூனில் விட்டுட்டு வந்தால் லீவுக்குத்தான் வீடு. அண்ணன் தம்பி, தெரு நண்பர்கள், ஊர் கோயில் கொடை எல்லாம் வருஷத்தில் சில நாட்கள் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்வு செய்யும் உரிமையும் உண்டு. கவனிங்க, தேர்வு குடும்பத்தோடது. 'எங்க பள்ளியில வசதி இல்லை, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க' என்று தலைமையாசிரியர் முடிவு செய்ய முடியாது. அரசுப் பள்ளியோ, அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தையும் கழிப்பறையையும் பிள்ளை பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்கிறது அதே சட்டம். கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி கேட்கவும் வழி இருக்கிறது.

அப்போ சிக்கல் எங்கே?

சேர்ப்பதில் இப்போது பெரிய சிக்கல் இல்லை. சேர்ந்த பிறகுதான். சிறப்பாசிரியர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் கிடையாது. வட்டார வள மையத்தைச் சேர்ந்தவர், பல பள்ளிகளுக்கு முறை வைத்துப் போகிறவர். அவர் வராத நாட்களில், 30 பிள்ளைகளை வைத்திருக்கும் வகுப்பாசிரியர் இந்த ஒரு பிள்ளையை ஓரமாக உட்கார வைத்து கலர் பென்சில் கொடுத்துவிடுவது நடக்கிறது. அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை, அவருக்கு யாரும் முழுசாகப் பயிற்சி கொடுக்கவில்லை.

இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் எடுத்துப் பேசியது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. 2022இல் மத்திய அரசு அதை அறிவிக்கையாகவும் வெளியிட்டது. ஆனாலும் பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் மறுபடியும் கெடு வைக்க வேண்டியிருந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

வட்டார வள மையம், சிறப்பாசிரியர், பிசியோதெரபி, உபகரணம் எல்லாம் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் கீழ். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. ஒரு மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை, பெண் பிள்ளை என்றால் கூடுதலாக மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு என்பது அதன் விதி. 2024-25இல் தமிழகத்துக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில், அதன் வழியாக தேசியக் கல்விக் கொள்கையில், கையெழுத்திடவில்லை என்பது காரணம். 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. மும்மொழி பற்றிய விவாதம் டிவியில் சூடாக ஓடியது. அதே பணத்தில்தான் பிசியோதெரபி நடக்கிறது என்பதை அந்த விவாதங்களில் கேட்டவர்கள் குறைவு.

வீட்டுக் கணக்கு

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பல வீடுகளில் அம்மாவின் வருமானம் பீடி சுற்றுவது. எத்தனை சுற்றினாரோ அதற்குத்தான் கூலி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, தெரபி முடித்துத் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. பயணப்படி கொடுத்தாலும் அது பஸ்ஸுக்குத்தான் ஆகும், அந்த நாளுக்கு ஆகாது. தெரபி பாதியில் நின்றுபோவதற்கு 'பெற்றோரின் அலட்சியம்' என்று எழுதுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும். பாபநாசத்துக்கு மேலே காணி குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு மலை இறங்கி வருவதே தனி வேலை.

இதற்கு ஒரு பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 2019இல் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டு கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது இது. 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இங்கே பிள்ளை மையத்துக்கு வருவதோடு, ஊர்ப் பணியாளர் பிள்ளை வீட்டுக்கும் போகிறார். பயிற்சியைத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார், முன்னேற்றத்தை மொபைல் ஆப்பில் பதிகிறார், நிபுணர் அதைத் தூரத்திலிருந்து பார்த்து வழி சொல்கிறார். உலக வங்கிக் கடனுடன் தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டமும் 'விழுதுகள்' சேவை மையங்களைத் திறந்து, சேவையை வீட்டுப் பக்கம் கொண்டுவரப் பார்க்கிறது. அரசு இதைப் பெரிய அளவில் செய்தால், தெரபி நாள் கூலி இழக்கும் நாளாக இருக்காது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முதலில். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் நடக்காது. சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது. திங்கட்கிழமைகளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீங்க.