மண் முற்றம் மிஞ்சட்டும்

கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும் புத்தளம் கரையோரத்துக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் உண்மையான பயிர்க்காலம். கச்சான் காற்று ஓய்ந்து, முதல் மழை மணலை நனைத்ததும் வளவுகளில் வேலை தொடங்கிவிடும். கொச்சி நாற்று, கத்தரி நாற்று, பயற்றை விதை, மரவள்ளித் தடி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவதொன்று கைமாறும். முருங்கைக் கொப்பை வெட்டி வேலியோரம் ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும்.

அதே மாதங்களில் எங்கள் ஒழுங்கைகளில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கோடையில் தொடங்கிய வீட்டுத் திருத்த வேலை முடியாமல் மாரிக்குள் இழுபடுகிறது. ஒரு பக்கம் மணற் குவியல், மறு பக்கம் தறப்பாள் போட்டு மூடிய சீமெந்து மூடைகள். சமையலறையைப் பெருப்பிப்பது, குளியலறையை உள்ளே எடுப்பது, முன்பக்கம் வாகனம் நிறுத்த ஒரு கொட்டகை போடுவது எல்லாம் முடிந்த பிறகு, கையில் மிஞ்சிய காசுக்கு முற்றம் முழுவதும் கொங்கிரீட் போடுகிறார்கள், அல்லது இன்டர்லொக் கல் பதிக்கிறார்கள். வீட்டைத் திருத்துவது வேறு, முற்றத்தை மூடுவது வேறு. முதலாவது தேவை. இரண்டாவது, இந்தக் கரையோரத்தில் வாழும் எங்களுக்கு ஒரு நட்டம். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீமெந்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் எங்கள் ஊரவர்க்கு அது என்ன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவும் மாரி காலம்தான். தில்லையடி, ஆலங்குடா, பாலாவி, நுரைச்சோலைப் பக்கங்களில் கிடுகுக் குடில்களில் அவர்கள் கழித்தது ஓரிரு ஆண்டுகள் அல்ல. 2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கும்போது, அந்தக் குடில்களில் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்திருந்தார்கள். கூரை ஒழுகி, தரை சேறாகி, கொப்பியும் பாயும் நனைந்த இரவுகளைக் கண்ட ஓர் உம்மாவுக்கு, ஈரம் ஏறாத ஒரு தரை என்பது ஆடம்பரம் அல்ல. அது மரியாதை. அவர் முற்றத்துக்கும் சீமெந்து கேட்டால், அதில் இருக்கும் ஆசையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சேற்றோடு பட்ட பாடு போதும் என்றுதான் அவர் நினைக்கிறார்.

அந்த ஆசையை மதித்துக்கொண்டே ஒன்றைக் கேட்கலாம். முற்றத்தில் விழும் மழை எங்கே போகிறது?

எங்கள் மாவட்டம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. சித்திரையில் கொஞ்சம் பெய்யும். மற்ற மாதங்களில் கிணற்றை நம்பித்தான் வாழ்க்கை. கற்பிட்டிக் குடாநாட்டை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறு பக்கம் புத்தளம் களப்பு. நடுவில் இருப்பது மணல். அந்த மணலுக்கு அடியில் உவர்நீர் இருக்கிறது. மழைநீர் இறங்கி, உவர்நீரை விடப் பாரம் குறைந்ததால் அதன் மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. நாம் வாளியில் அள்ளுவதும் மோட்டார் போட்டு இறைப்பதும் அந்த வில்லையைத்தான். நீரியலில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்க முடியும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலேறும். கிணறு உவர்ப்பாகும்போது தண்ணீர் வற்றிப்போனதாகத் தெரியாது. கயிறு அதே அளவுதான் இறங்கும். தேநீரின் சுவை மட்டும் மாறும்.

இந்த வில்லைக்கு வேறு ஆறு இல்லை, குளம் இல்லை. மேலே விழும் மழைதான் அதன் ஒரே வரவு. நூறு சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 10,000 லீற்றர் தண்ணீர். ஆயிரம் லீற்றர் தாங்கிகள் பத்து நிரம்பும். கார்த்திகையில் நூறு மில்லிமீற்றர் பெய்ய எங்களுக்கு ஒரு மாதம் வேண்டியதில்லை. சில நேரம் இரண்டு நாள் போதும். மண் முற்றமாக இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கும், ஒரு பங்கை மரஞ்செடிகள் குடிக்கும். சீமெந்து முற்றமாக இருந்தால் முழுவதும் படலையால் ஒழுங்கைக்கு ஓடும். மேல் வளவுக்காரர் முற்றத்தை மூடினால் பள்ளத்து வளவுக்காரர் வீட்டுக்குள் தண்ணீர் போகிறது. அவரும் தன் முற்றத்தை உயர்த்திச் சீமெந்து போடுகிறார். பிறகு அது அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒழுங்கை முழுவதும் இப்படித்தான் மாறிக்கொண்டு வருகிறது. அதே ஒழுங்கையில் ஆடி, ஆவணி மாதங்களில் தண்ணீர் பவுசர் வந்து நிற்கிறது.

தண்ணீரின் அளவு ஒரு பிரச்சினை என்றால், தரம் இன்னொரு பிரச்சினை. கற்பிட்டித் தோட்டங்கள் வெங்காயம், மிளகாய், மரக்கறிகளுக்குப் பேர்பெற்றவை. அந்த மணல் சத்தைப் பிடித்து வைக்காது. போட்ட யூரியாவில் கணிசமான பங்கு நீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால்மாக் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே இதனால் முதல் ஆபத்து. மழைநீர் இறங்கினால் இந்தச் செறிவு ஓரளவு ஐதாகும். மழையைத் தடுத்துவிட்டு மலசலகூடக் குழியை மட்டும் மண்ணுக்குள் வைத்திருந்தால், கீழே போவது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முற்றத்தை மூடுவதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் நுளம்பு முதலிடம் பிடிக்கிறது. மாரியோடு டெங்கும் வருவதால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கு நுளம்பு எங்கே முட்டையிடுகிறது? தெளிந்த நீர் தேங்கும் சிரட்டை, யோகட் கோப்பை, அடைபட்ட பீலி, பூச்சாடித் தட்டு, மட்டம் சரியில்லாத கொங்கிரீட் தட்டு ஆகியவற்றில்தான். எங்கள் மணலில் விழுந்த தண்ணீர் பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் காணாமல் போய்விடும். தேங்கி நிற்பது நாம் கட்டியவற்றின் மேலேதான். வீட்டு வேலை நடக்கும் வளவில் வெறும் பெயின்ட் வாளிகளும் தண்ணீர் பீப்பாய்களும் வாரக்கணக்கில் கிடக்கும். முதலில் கவிழ்க்க வேண்டியவை அவை.

இரண்டாவது நியாயம் சேறும் பூச்சி பட்டைகளும். நடக்கும் வழிக்கு இரண்டடி அகலத்தில் கல் பதித்தால் கால் சேறாகாது. வேலியோரப் பற்றையைத் துப்புரவாக வைத்தால் பாம்பு வராது. இவற்றுக்காக முழு வளவையும் மூடத் தேவையில்லை. வயதான உம்மும்மா வழுக்கி விழுவார் என்ற கவலையும் உண்டு. மழையில் பாசி பிடித்த சீமெந்தை விட வழுக்கும் நிலம் எங்கள் வளவில் வேறெது?

வீட்டுத் தோட்டம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 2011இல் ‘திவி நெகும’ திட்டம் பத்து இலட்சம் வீட்டுத் தோட்டங்கள் என்று வந்தது. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோது, வீட்டில் பயிர் செய்யுமாறு அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் வழங்கப்பட்டது. எரிவாயு வரிசையும் பாண் வரிசையும் நீண்டு கிடந்த அந்த மாதங்களில், முருங்கைக் கீரையும் மரவள்ளிக் கிழங்கும் எத்தனை வீடுகளில் இரவுச் சாப்பாடாயின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சுற்றறிக்கையால் வந்த தோட்டங்கள் சுற்றறிக்கையோடு போயின. வளவில் ஏற்கெனவே மரம் நின்ற வீடுகள்தான் தாக்குப்பிடித்தன. நெருக்கடி வந்த பிறகு மாதுளை நட்டால் காய்ப்பதற்கு ஆண்டுகள் வேண்டும். கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் அப்படியே. ஆகவே மண்ணை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும்.

இங்கே பெண்பிள்ளைகளாகிய நாம் பேச வேண்டிய ஒரு விடயம் உண்டு. முற்றத்தை மூடுவதென்ற முடிவை யார் எடுக்கிறார்? பெரும்பாலும் வாப்பாவும் மேசன் பாஸும் முன் விறாந்தையில் நின்று பேசி முடிப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் நானா தொலைபேசியில் படம் பார்த்துச் சம்மதம் சொல்வார். அந்த முற்றத்தில் உடுப்புக் காயப்போடுபவர், கொச்சிக்காய் உலர்த்துபவர், ஒழு செய்த தண்ணீர் வாழைக்குப் போகும்படி வாய்க்கால் கீறியவர், மிஞ்சிய கீரையை மூன்று கட்டாகக் கட்டி அயல் கடைக்குக் கொடுத்துக் கையில் சில்லறை வைத்திருந்தவர் எல்லாம் உம்மாதான். அவரிடம் கேட்பது கடைசியில், அதுவும் கல்லின் நிறத்தைப் பற்றி மட்டும். வீட்டில் பெண்ணுக்குச் சொந்தமாக வரும்படி தரும் இடம் முற்றம் ஒன்றுதான் என்றிருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் பல. அந்த இடம் போனால், மூன்று கட்டுக் கீரையோடு அவருடைய கைச்செலவும் போகிறது. மகளின் கலியாணத்துக்காக வீட்டைப் பெருப்பிக்கிறார்கள் என்றால், நாளை அந்த வீட்டில் இருந்து தண்ணீர் அள்ளப்போவது அந்த மகள்தான். அவளும் கேட்கப்பட வேண்டியவள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத சில காரியங்கள் உண்டு. வேலை தொடங்க முன் ஒரு தாளில் வளவை வரைந்து, கட்டாமல் விடும் இடத்தை முதலில் குறியுங்கள். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. வீட்டுக்கும் வழிக்கும் போக அதில் மூன்றில் ஒரு பங்கை மண்ணாக விட முடியும். வாகனம் வருமென்றால் இரண்டு சில்லுகளும் ஓடும் தடத்துக்கு மட்டும் கல் பதிக்கலாம். இன்டர்லொக் கல்தான் வேண்டுமென்றால், அடியில் கொங்கிரீட் போடாமல் மணல் மேல் இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லலாம். கூரைப் பீலியின் தண்ணீரை, மலசலகூடக் குழிக்குத் தூரமாக ஒரு குழி தோண்டி அதற்குள் விடலாம். உடைத்த செங்கல் துண்டுகள் அந்தக் குழியை நிரப்ப உதவும். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டுத் துண்டுகளையும் பெயின்ட் கழிவையும் மட்டும் அதற்குள் போடக்கூடாது. மேசன்மார் சீமெந்துத் தாச்சியைக் கழுவும் இடத்தையும் தோட்டத்துக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காரம் இறங்கிய மண்ணில் செடி எளிதில் தேறாது.

மாரித் தோட்டத்துக்கும் சில முறைகள் உண்டு. அடைமழைக்கு முன் பசளை போட்டால் அது கிணற்றுக்குத்தான் போகும். மழை ஓய்ந்த இடைநாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டெருவாகப் போடுவதே நல்லது. நாற்றுகளை உயர்த்திய பாத்தியில் வைத்தால் வேர் அழுகாது. எங்கள் மாவட்டத்தில், லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னைக்குச் சொல்லும் முறை ஒன்று எல்லாச் செடிக்கும் பொருந்தும். தேங்காய் மட்டைகளைக் குழியில் அடுக்கி மூடினால், அவை மழைநீரை உறிஞ்சி வைத்து வறட்சியில் வேருக்குக் கொடுக்கும். எங்கள் வளவுகளில் மட்டைக்குப் பஞ்சமில்லை. நாம் அதை எரித்துவிடுகிறோம்.

கல்லூரியிலும் நாம் தொடங்கலாம். மாணவியர் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சிட்டு மாதமொரு முறை அளந்து எழுதினால், இரண்டு மாரிக்குள் எங்கள் ஊரின் கணக்கு எங்கள் கையில் இருக்கும். விஞ்ஞானப் பிரிவு மாணவியர் உவர்ப்பைச் சோதிக்கலாம். ஐப்பசி முதல் வாரத்தில் விதையும் நாற்றும் மாற்றிக்கொள்ளும் ஒரு நாளை வைக்கலாம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்பது நாம் சிறுவயதிலிருந்தே கேட்ட போதனை. நடுவதற்கு மண் இருந்தால்தானே அந்த நன்மையும் கிட்டும்?

பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலையும் அதற்குக் கல் கொடுக்கும் அறுவைக்காட்டுச் சுண்ணாம்பு நிலமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. சீமெந்து எங்களுக்கு அந்நியமல்ல. சுவருக்கும் தரைக்கும் கூரைக்கும் அது வேண்டும். இந்த மாரியில் வீட்டு வேலை நடக்கும் வீட்டுப் பிள்ளைகள், முற்றத்துக்குச் சல்லி இறங்கும் முன் வாப்பாவிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.