கையெழுத்துக்கும் கணக்குக் கேட்போம்: நிறைவேற்று ஜனாதிபதி அதிகாரம் குறித்த கோரிக்கைச் சாசனம்

இலங்கைப் பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் குடிமக்களாகிய நாங்கள் முன்வைப்பது:

2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த சிலர் மிருசுவிலில் தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டு மலக்குழிக்குள் போடப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. தப்பிவந்த ஒருவரின் சாட்சியத்தால்தான் வழக்கு நின்றது. 2015இல் இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு ஊரடங்கில் கிடந்த வேளை, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மன்னிப்பு வழங்க, அந்தச் சார்ஜன்ட் வீடு போனார்.

ஆகவே எங்கள் முதற் கோரிக்கை, ஜனாதிபதிக்கு மன்னிக்கும் அதிகாரம் தரும் அரசியலமைப்பின் உறுப்புரை 34 பற்றியது. மன்னிக்குமுன் கொல்லப்பட்டவரின் குடும்பத்தை அழைத்துக் கேட்க வேண்டும். மரண தண்டனைக் கைதியென்றால் வழக்கை விளங்கிய நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் இப்போதே கட்டாயம். அவற்றை ஜனாதிபதியின் காரணங்களோடு, கைதி வெளியே வருமுன், வர்த்தமானியில் போடுங்கள். படையினர் பொதுமக்களைக் கொன்ற வழக்குகளில் தனியொருவர் மன்னிக்கும் அதிகாரமே கூடாது. வெவ்வேறு ஜனாதிபதிகள் வழங்கிய இரண்டு மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாதென்றது. அதற்கும் குடிமக்கள்தான் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள்.

பதவியிலிருக்கும் ஜனாதிபதிமீது வழக்கில்லை என்கிறது உறுப்புரை 35. 2015இன் 19ஆம் திருத்தம் அதில் ஒரு வழி திறந்தது: உத்தியோகபூர்வச் செயல்களுக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுப் போடலாம். மைத்திரிபால சிறிசேன 2018இல் பாராளுமன்றத்தைக் கலைத்தபோது அது செல்லாதென்ற தீர்ப்பு அந்த வழியாகவே வந்தது. அது போதாது. கொலை, சித்திரவதை, ஊழல் எதிலும் வழக்குத் தொடுக்கப் பதவி தடையாகக் கூடாது.

அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதியையும் மாற்றுங்கள். முல்லைத்தீவிலிருக்கும் ஒரு தாய் சட்டத்தரணி பிடித்து, பத்திரங்கள் சேர்த்து, புதுக்கடை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச்சேர ஒரு மாதம் எந்த மூலைக்கு? ஆறு மாதமாவது வேண்டும்.

அரசுக்கு ஆலோசனை சொல்பவரும் சட்டமா அதிபர், அரசின் குற்றத்துக்கு வழக்குத் தொடுப்பவரும் அவரே. சுயாதீன வழக்குத் தொடுநர் அலுவலகம் ஒன்றை அமையுங்கள்.

நிறைவேற்று ஜனாதிபதி ஆட்சிமுறையையே ஒழிப்பதாகச் சந்திரிகா குமாரதுங்க 1994இல் வாக்களித்தார், அநுர குமார திசாநாயக்க 2024இல் வாக்களித்தார். அரசாங்கத்திடம் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. சட்டமூலத்தை வெளியிடுங்கள், சர்வஜன வாக்கெடுப்புக்கு நாள் குறியுங்கள்.