இரண்டாம் பிரதி



அண்மையில் குடும்பத் தலைவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவருடைய தாயார் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் வேளை அது. அன்னையின் படங்களையும், பேரப் பிள்ளைகளுக்கு அவர் செபமாலை சொல்லிக்கொடுத்த குரற்பதிவுகளையும் தொகுத்து உறவினர்க்கு அளிக்க எண்ணியிருந்தார். அவை யாவும் வீட்டுக் கணினி ஒன்றில் மட்டுமே இருந்தன. ஒரு நாள் அதன் திரை நீலமாகி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் இயக்க மென்பொருளைப் புதிதாகப் பதித்துத் தந்தார்.

"சுவாமி, கணினி ஓடுகிறது, அம்மாவின் குரல்தான் இல்லை" என்றார் அவர்.

கணினி நின்றபோதே எல்லாம் அழிந்துவிட்டன என்று அவர் நம்பியிருந்தார். பலரும் அவ்வாறே நம்புகின்றனர். ஆனால் உண்மை வேறு. கோயிற்பிள்ளை நோயுற்றால் கோயிற்கதவு திறவாது. ஆயினும் உள்ளிருக்கும் பூசைப் பாத்திரங்கள் எங்கும் போய்விடுவதில்லை. இயக்க மென்பொருள் கணினியின் கோயிற்பிள்ளை. அது செயலிழந்தாலும், வட்டு பழுதுறாதவரை கோப்புகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நடந்ததை நினைவுகூர்வோம். பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. விமானங்கள் தடைப்பட்டன, மருத்துவமனைகள் திகைத்தன. எனினும் பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கணினிகள் மீண்டும் எழுந்தன. அவற்றில் சேமித்திருந்தவை அந்தப் பிழையால் அழிக்கப்படவில்லை.

அப்படியாயின் நம் நண்பரின் இழப்பு எப்போது நேர்ந்தது? செப்பனிட்டபோது! வட்டை வெறுமையாக்கி மென்பொருளைப் புதிதாகப் பதிக்கும்போது, நூலின் பொருளடக்கத்தைக் கிழிப்பதுபோல், கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் அட்டவணை நீங்கிவிடுகிறது. பின்னர் புதியவை பழையவற்றின்மேல் எழுதப்படுகின்றன. இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளோ, நீக்கப்பட்டவை இருந்த இடத்தை விரைவில் தாமே துடைத்துவிடுகின்றன. அதன்பின் மீட்பது மிக அரிது.

ஆகவே கணினி நின்றுபோனால் பதற்றம் வேண்டாம். பழுது பார்ப்பவரிடம், "முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள், பிறகு செப்பனிடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தோ, பென் டிரைவில் உள்ள வேறோர் இயக்க மென்பொருளைக் கொண்டு கணினியைத் தொடங்கியோ அவர் இதைச் செய்யலாம். வட்டிலிருந்து 'டக் டக்' என்னும் ஒலி எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் கணினியின் வட்டு பூட்டப்பட்டிருப்பின், அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். அதனை இன்றே தாளில் எழுதி வைப்பது நன்று.

ஆயினும் மருந்தினும் மேலானது முன்காப்பு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது கணினி வல்லுநர் கூறும் விதி. இது நம் திருச்சபைக்குப் புதிதன்று. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 470-ஆம் சட்டம், பங்குத் தந்தை ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளின் உண்மைப் பிரதியை ஆயரகத்திற்கு அனுப்புமாறு பணித்தது. தீயோ வெள்ளமோ கறையானோ பங்கு இல்லத்து ஏட்டை அழித்தாலும், ஒரு குழந்தை திருமுழுக்குப் பெற்றதற்கான சான்று வேறோர் ஊரில் காக்கப்பட்டிருக்கும். எத்தகைய முன்மதி! ஒவ்வோர் ஆன்மாவும் பெயர் சொல்லி நினைக்கத்தக்கது என்னும் விசுவாசமே அந்த உழைப்பிற்கு அடிப்படை அன்றோ?

நம் நண்பருக்கு ஓர் ஆறுதல் கிட்டியது. செபமாலைக் குரற்பதிவுகளில் ஒன்றை அவர் முன்னொரு நாள் வெளியூரில் வாழும் தங்கைக்கு அனுப்பியிருந்தார். ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பின் குடும்பத்தார் ஒன்றுகூடி அதனைக் கேட்டனர். படங்கள் திரும்பவில்லை. அவர் திட்டமிட்டுச் செய்யாத அந்த இரண்டாம் பிரதியே அன்னையின் குரலைக் காத்தது.

நாமோ அதனைத் திட்டமிட்டே செய்வோம். இம்மாதத்தில் ஒரு நாள், குடும்ப செபம் முடிந்தபின், பிள்ளைகளையும் அருகிருத்தி, வீட்டின் அரிய படங்களையும் பத்திரங்களையும் பிரதி எடுங்கள். பிரதி சரியாகத் திறக்கின்றதா என்று பாருங்கள். ஒன்றை நம்பிக்கைக்குரிய உறவினர் இல்லத்தில் ஒப்படையுங்கள். முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நினைவுகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. வருந்தலைமுறைக்குப் பழுதின்றிச் சேர்ப்பிக்கவேண்டிய அடைக்கலப் பொருள்கள் அவை.