முன்சக்கரத்துக்குக் கெட்டி எண்ணெய் வேண்டுமா?

மாணவ நண்பர்களே, நெய்வேலி நகரியத்துக்குள் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போயிருக்கிறீர்களா? அகலமான சாலை, இருபுறமும் மரங்கள். வேகத்தடைகளை விட்டால் வண்டிக்குத் தொல்லை தருவது எதுவும் இல்லை. நகரியத்தைத் தாண்டி விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை வேறு. அதை நான்கு வழிச் சாலையாக்கும் பணி பல ஆண்டுகள் இழுத்தது. பண்ருட்டியிலிருந்தும் வடலூரிலிருந்தும் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஷிப்டு வேலைக்கு வந்தவர்கள், பள்ளமும் ஜல்லியுமான மாற்றுப்பாதைகளில் நாள்தோறும் குலுங்கிக்கொண்டே வந்தார்கள்.

இப்படி ஓடிய வண்டியில் ஒரு நாள் முன்பக்கம் 'டங்' என்று இடிக்கத் தொடங்கும். பட்டறைக்குப் போனால், "கெட்டி ஆயில் ஊத்திடலாம்ணே, சரியாயிடும்" என்பார்கள். இடி நின்றுவிடும், அண்ணனுக்கும் மனநிறைவு. ஆனால் அளந்து பார்க்காமல் செய்யும் இந்த வைத்தியம் பெரும்பாலும் தவறானது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முன்சக்கரத்தின் இருபுறமும் உள்ள ஃபோர்க் குழாய்களைக் கவனியுங்கள். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், தொலைநோக்கியைப் போல நுழைந்து வெளிவருகிறது. எண்ணெய்த் தடையுடன் கூடிய இந்த அமைப்பு பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஆர்-12 வண்டியில் 1935-இல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டும் இதே வகை ஃபோர்க்குடன்தான் ஓடியது. இன்று சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பலவற்றுக்கும் இதுதான்.

குழாய்க்குள் இருப்பவை இரண்டு: ஒரு சுருள்வில், கொஞ்சம் எண்ணெய். இரண்டின் வேலையும் வேறு. சுருள்வில், தான் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று மட்டுமே பார்க்கும். ஹூக் விதி உங்களுக்குத் தெரியும். அமுங்கும்போது வாங்கிய ஆற்றலை அது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெயோ தூரத்தைப் பார்ப்பதில்லை, வேகத்தைப் பார்க்கிறது. சிறு துளைகளின் வழியே பிதுங்கிப் பாயும்போது ஆற்றலை வெப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் துளையின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எண்ணெய் இல்லாத ஃபோர்க், ஆய்வுக்கூடத்தில் எடை கட்டித் தொங்கவிட்ட வில்லைப் போல ஆடிக்கொண்டே இருக்கும். மேல்நிலை முதலாண்டில் 'தடையுறு அலைவு' என்று படிக்கப் போகிறீர்களே, அதை இங்கே கையால் தொட்டே பார்க்கலாம்.

இனி கெட்டி எண்ணெய்க்கு வருவோம். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; சாலையில் மீட்டருக்கு ஒரு சிறு மேடு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 11 மீட்டர், அதாவது நொடிக்கு 11 மேடு. ஒரு மேட்டில் அமுங்கிய ஃபோர்க் நிமிர்வதற்கு நொடியில் பதினொன்றில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. கெட்டி எண்ணெய் அதை மெதுவாகத்தான் நிமிர விடும். பாதி நிமிர்வதற்குள் அடுத்த மேடு! இப்படியே படிப்படியாகத் தாழ்ந்துபோய், கடைசியில் அசையவே இடமின்றிக் கம்பியாக நிற்கும். அப்போது சக்கரம் பள்ளத்தின் அடிவரை இறங்காது. தரையைத் தொடாமல் தாவும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல்தான் சாய்கிறது என்பதை நினைத்தால், இது வெறும் கைவலிப் பிரச்சினை அல்ல என்பது புரியும்.

சரி, எப்படி அளப்பது? வண்டி ஓட்டும் வயது உங்களுக்கு வரவில்லை. அளக்கும் வயது வந்துவிட்டது. வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்று மிகுந்த டயரின் குற்றத்தை ஃபோர்க்கின் தலையில் சுமத்துவது வழக்கமாகிவிட்டது. பிறகு நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி, வெளியே தெரியும் உட்குழாயின் நீளத்தை அளந்து எழுதுங்கள். வழக்கமாக ஓட்டுபவரை ஏற்றி, வண்டியை நேராகப் பிடித்து மீண்டும் அளக்கவும். இரண்டின் வித்தியாசம், ஃபோர்க் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது நல்லது. மொத்தம் 120 மில்லிமீட்டர் என்றால் 30 முதல் 40.

இதைவிட மிகுதியாகத் தாழ்ந்தால் குறை எண்ணெயில் இல்லை; வில் தளர்ந்திருக்கிறது, அல்லது சுமைக்குப் போதவில்லை. வில்லின் தலையில் சிறு குழாய்த் துண்டு வைத்து உயர்த்துவார்கள். விலை கூடிய சில வண்டிகளில் அதற்குத் திருகே உண்டு. இதனால் வில் கடினமாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை! மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் கேட்கும் வில்லை 10 மில்லிமீட்டர் முன்கூட்டியே அமுக்கி வைத்தால், அது 100 நியூட்டனுக்குப் பிறகுதான் அசையத் தொடங்கும். அதற்குமேல் மில்லிமீட்டருக்கு அதே 10 நியூட்டன்தான். வண்டியின் உயரம் கூடும், அவ்வளவே.

எண்ணெயைச் சோதிக்க முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தி விடச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எழுந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை துள்ளினால் எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது பழசாகி நீர்த்திருக்கும். ஊர்ந்து ஊர்ந்து எழுந்தால் அது அளவு மீறிக் கெட்டி. மே மாத வெயிலில் எண்ணெய் இன்னும் இளகும் என்பதால் காலையிலும் மாலையிலும் செய்து ஒப்பிடுவது சுவையான சோதனை.

எண்ணெயின் அளவையும் விளையாட்டாக எண்ண வேண்டாம். அதற்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு வில்தான். தோராயமாக, 200 மில்லிமீட்டர் காற்றுப் பத்தி 120 அமுங்கினால் 80 ஆகும். பாயில் விதிப்படி அழுத்தம் இரண்டரை மடங்கு. எண்ணெய் 20 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் 180 என்பது 60 ஆகும், மூன்று மடங்கு. அடியில் மட்டும் இடிக்கிற வண்டிக்குக் கெட்டி எண்ணெயைவிட இந்தச் சிறு மாற்றம் பல வேளைகளில் போதும். ஆனால் தயாரிப்பாளர் கையேட்டில் தந்த அளவிலிருந்து தொடங்கி, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

உட்குழாயில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து வளையமாகப் படிந்திருந்தால் ஆயில் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். சுரங்கப் பகுதியின் புழுதி அந்த ரப்பருக்கு அரம் மாதிரி. சில வண்டிகளில் ஃபோர்க்குக்கு மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை போட்டிருப்பது இதற்காகத்தான். கசியும் எண்ணெய் பிரேக் வட்டில் பட்டால் பிடிமானம் போய்விடும். அப்படிப்பட்ட வண்டியை அளக்கவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். சீல் மாற்றிய பிறகு நோட்டையும் அளவுகோலையும் எடுங்கள்.